குரல் சொல்றதையே படமும் சொன்னா வீடியோ எதுக்கு?

வணக்கம் மக்களே. "விமர்சனக் கட்டுரைக்குப் பதிலா வீடியோவா செஞ்சு குடுங்க"ன்னு மாணவர்கள்கிட்ட சொன்னா பெரும்பாலும் என்ன வருது? எழுதின கட்டுரையை அப்படியே வாசிச்சிருப்பாங்க. மேல நெட்ல எடுத்த படம், அடியில சோகமா ஒரு பியானோ. குரல் "தண்ணி வீணாகுது"ங்கும், படத்துல குழாய் சொட்டும். இதுல விமர்சனம் எங்க இருக்கு? ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொன்னதுதான் மிச்சம்.

நியூ லண்டன் குரூப்னு பத்து கல்வியாளர்கள் 1996ல ஒரு கட்டுரை எழுதினாங்க. மொழி, காட்சி, ஒலி, உடல்மொழி, இடஅமைப்புன்னு அர்த்தம் உருவாகுற வழிகளைப் பிரிச்சாங்க. இதுல ஒண்ணோட ஒண்ணு உரசும்போதுதான் மாணவனோட கேள்வி வெளிய வருது.

ஒரு உதாரணம். பள்ளி நூலகம் எப்பவும் பூட்டியே கிடக்குன்னு சொல்லணும். குரல்ல குறையே சொல்லாதீங்க. அறிவிப்புப் பலகையில இருக்கிறதை அப்படியே, நிதானமா வாசிங்க: "நூலகம் காலை 10 முதல் மாலை 4 வரை திறந்திருக்கும்." படத்துல பூட்டு. 11 மணிக்குப் பூட்டு, 1 மணிக்குப் பூட்டு, 3 மணிக்கும் அதே பூட்டு. முடிஞ்சுது. ஆனா ஒண்ணு, இதையெல்லாம் ஒரு லீவு நாள்ல எடுத்தா அது பொய். வேற வேற வேலை நாள்ல எடுக்கணும், கடிகாரமும் தேதியும் ஃப்ரேமுக்குள்ளயே தெரியணும்.

இதுக்கு எடிட்டிங் ஆப் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு தாள் போதும். நடுவுல கோடு. இடது பக்கம் காதுக்கு, வலது பக்கம் கண்ணுக்கு, ஒரு வரிக்கு ஒரு ஷாட். வலது பக்கம் இடது பக்கத்தையே திருப்பிச் சொன்னா அந்த வரியை அடிச்சிடுங்க. நீளம் 90 விநாடி. தமிழ்ல வார்த்தைங்க நீளம், நிமிஷத்துக்கு 100 வார்த்தைக்கு மேல போனா மூச்சு முட்டும். அப்போ கணக்குப்படி 150 வருது. எழுத வேண்டியது 110 தான், ஏன்னா மௌனத்துக்கும் இடம் வேணும்.

குரலை முதல்ல பதிவு பண்ணுங்க. ஃபோன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துல, கொஞ்சம் பக்கவாட்டுல இருக்கட்டும். நேரா வெச்சா "ப" வர்ற இடமெல்லாம் காத்து வெடிக்கும். ஆப்ல தெரியுற ஒலி அளவு மீட்டர்ல உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். அப்புறம் படம். இசை கடைசி, அதுவும் குரலை விட 18, 20 டெசிபல் கீழ. இசையை முதல்ல போட்டுட்டா அதோட தாளத்துக்குத்தான் வெட்டுவாங்க, வாதம் அதுக்குப் பின்னாடி ஓடும். இசையே வேண்டாம்னாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

கிரியேட்டிவ் காமன்ஸ் இசை, அதாவது சில நிபந்தனையோட இலவசமா பயன்படுத்த விட்ட இசை எடுத்தா, உரிமத்துல என்டி (ND, தழுவி மாத்தக் கூடாதுங்கிற நிபந்தனை) இருக்கான்னு பாருங்க. இருந்தா வீடியோவுல சேர்க்கக் கூடாது. படத்தோட நேரம் ஒத்து இசையைச் சேர்க்கிறதே தழுவல் கணக்குல வந்துடும்.

தமிழ் எழுத்து திரையில உடையுதா? "கொ" போட்டா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்னு ஓடும். பிரீமியர்ங்கிற எடிட்டிங் ஆப்ல செட்டிங்ஸ் போய் டெக்ஸ்ட் எஞ்சினை சவுத் ஏசியனுக்கு மாத்துங்க. மத்த ஆப்ல சரியா வரலைன்னா, எழுத்தை வேற இடத்துல அடிச்சு, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமா எடுத்து மேல வைங்க.

இப்போ ரொம்ப முக்கியமானது, முகம். விமர்சனம்னா பேசினவங்களுக்குச் சிக்கல் வரலாம். மங்கலாக்கின முகமும், சுருதி மாத்தின குரலும் பாதுகாப்புன்னு நம்பாதீங்க. சுருதியைத் திருப்பி மாத்த முடியும், கட்டம் கட்டமா மறைச்ச முகத்தையும் ஊகிக்க வழி இருக்கு. பேசினவங்க கையை மட்டும் படம் பிடிங்க, இன்னொருத்தரை விட்டு அந்த வார்த்தையைப் பேச வைங்க. அப்படி மாத்தினதைத் திரையில எழுதிடுங்க.

முடிச்சதும் ரெண்டு தடவை போடுங்க. ஒரு தடவை சத்தத்தை அணைச்சு, இன்னொரு தடவை கண்ணை மூடி. ரெண்டுலயும் முழுசா புரிஞ்சா, குரலும் படமும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லுதுன்னு அர்த்தம், திரும்ப அந்தத் தாளுக்குத்தான் போகணும்.

ஆசிரியர்களுக்கு: எஃபெக்டுக்கு மார்க் போடாதீங்க. வீடியோவோட ஒரு பக்கம் எழுதி வாங்குங்க. எந்த ஷாட்டை ஏன் வெச்சான், எதை ஏன் வெட்டினான்னு. வெட்டினதுக்கான காரணத்தை நான் முதல்ல படிப்பேன்.