பார்த்து இறங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் அம்மா முதல் முறை விழுந்தது மாடிப்படியில். இரண்டாவது முறையும் அங்கேதான். "பார்த்து இறங்கக் கூடாதாம்மா?" என்று சிடுசிடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அம்மாவுக்குப் பார்வை நன்றாகத்தான் இருந்தது. கண்ணைக் கீழ்நோக்கித் திருப்பத்தான் முடியவில்லை.

முதலில் பார்க்கின்சன் என்றார்கள். மாத்திரை சரியாகக் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்துத்தான் உண்மையான பெயர் தெரிந்தது: புரோகிரஸிவ் சுப்ராநியூக்ளியர் பால்சி, சுருக்கமாக பி.எஸ்.பி. மூளையில் டௌ என்ற புரதம் முடிச்சு முடிச்சாகச் சேர்ந்து நடை, பேச்சு, விழுங்குவது, கண் அசைவு என்று ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டு போகும். 1964-ல் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஒல்ஸெவ்ஸ்கி என்ற மூன்று மருத்துவர்கள் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். லட்சத்தில் ஐந்தாறு பேருக்கு வருகிறது. தடுத்து நிறுத்த இன்னும் மருந்து இல்லை.

அரிய நோய் என்றால் பெயரை விளக்கியே பாதி நாள் போய்விடும். நலம் விசாரிக்க வருபவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அப்போதுதான் அண்ணன், "நிதி திரட்ட மாரத்தான் ஓடலாமா?" என்றான். 2014-ல் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்காகத் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்களே, நினைவிருக்கிறதா? விளையாட்டு என்று சிரித்தோம். அமெரிக்காவில் ஒரே சங்கத்துக்கு 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அதில் ஒரு பங்கு போன ஆய்வில், 2016-ல் அந்த நோயோடு தொடர்புடைய ஒரு மரபணு பிடிபட்டது.

ஆனால் 42 கிலோமீட்டர் ஓட என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. தம்பிதான், "அம்மா எங்கே விழுந்தாங்களோ அங்கேயே ஏறுவோம்" என்றான். அதாவது படி. பத்து மாடிக் கட்டடத்தை ஆளுக்கு 28 தடவை ஏறினால் 828 மீட்டர் தாண்டிவிடும். உலகத்திலேயே உயரமான கட்டடத்தின் உயரம் அது.

சண்டை வந்தது படியால் அல்ல, போட்டோவால். அம்மா சக்கர நாற்காலியில் இருக்கும் படத்தைப் போட்டால் பணம் வரும் என்றான் அண்ணன். நான் கூடாது என்றேன். கடைசியில் அம்மாவிடமே கேட்டோம். முதலில் கேட்டிருக்க வேண்டும்! பதில் வர நேரமாயிற்று. "பழைய படம் போடு. சேலை நல்லா இருக்கணும்."

இன்னொன்று: பணம் எங்கள் கணக்குக்கு வரவில்லை. பதிவு பெற்ற ஒரு நோயாளர் அறக்கட்டளைக்கு நேராகப் போகிற மாதிரி வைத்தோம். உறவுக்குள் கணக்குப் பேச்சு வராமல் இருக்க அதுதான் நல்லது.

அந்த நாளில் ஏறியது மூச்சு வாங்கியதோடு சரி. இறங்குவதுதான் வேறு மாதிரி இருந்தது. லிஃப்ட் வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். பதினெட்டாவது சுற்றில் தம்பி தலையை நேராக வைத்துக்கொண்டு, கீழே பார்க்காமல் இறங்கிப் பார்த்தான். நாலு படி. கைப்பிடியை இறுகப் பற்றி, காலால் துழாவித் துழாவி. ஐந்தாவது படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் யாரும் எதுவும் பேசவில்லை.

மீதிச் சுற்றுகளை முடித்துவிட்டு அம்மாவுக்கு போன் செய்தோம். நெடுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும். அப்புறம் ஒவ்வொரு சொல்லாக வந்தது: "பார்த்து... இறங்குங்கடா."