முதலில் கால் நடக்கட்டும்

(பாளையங்கோட்டையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் மனநல ஆலோசகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் என் பேச்சுக்கு "இயற்கையோடு இணைவோம், மனநலம் காப்போம்" என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு ஒருவர் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "அப்போ மாத்திரை, கவுன்சலிங் எல்லாம் வேண்டாம், வாக்கிங் போனா போதும்கிறீங்களா மேடம்?" என்றார். அப்படிச் சொல்லி முடித்துவிட்டால் எனக்கும் வேலை சுலபம், இந்நேரம் டீ குடித்துக்கொண்டிருக்கலாம். நான் சொல்ல வந்தது வேறு.

மனச்சோர்வில் இருக்கிறவரிடம் நம் வீட்டில் என்ன சொல்கிறோம்? "இப்படியே படுத்துக் கிடக்காதே, கொஞ்சம் காலாற நடந்துட்டு வா." "கோயிலுக்குப் போய்ட்டு வா." "நாலு பேரோட பேசு." யோசனையில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவருக்கும் இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் படுத்திருக்கிறார். அவர் திருப்பிச் சொல்லும் பதில் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "மனசு சரியாகட்டும், அப்புறம் போறேன்."

இந்தப் பதிலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். காலில் அடிபட்டால் காயம் ஆறட்டும் என்று காத்திருக்கிறோம் இல்லையா? மனச்சோர்வில் அந்தக் கணக்கு உதவுவதில்லை. சோர்வாக இருக்கிறது, அதனால் வெளியே போகவில்லை. போகாததால் யாரையும் பார்க்கவில்லை, சின்னதாகக்கூட ஒரு சந்தோஷம் நடக்கவில்லை. சாயங்காலம் "இன்னைக்கும் ஒண்ணும் செய்யலை, நான் எதுக்குமே லாயக்கில்லை" என்ற நினைப்பு வருகிறது. மறுநாள் சோர்வு கூடுகிறது. காத்திருக்கக் காத்திருக்க, எதற்காகக் காத்திருக்கிறாரோ அது தள்ளித் தள்ளிப் போகிறது.

இதை உடைக்க உளவியலில் ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்பார்கள். செயலூக்கச் சிகிச்சை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1970களில் பீட்டர் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்கு அடிப்படை போட்டார். 1996இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நீல் ஜேக்கப்சன் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். அப்போது பெயர் பெற்றிருந்தது ஏரன் பெக்கின் எண்ண மாற்றச் சிகிச்சை, அதாவது சி.பி.டி. அதில் பல பகுதிகள் உண்டு. எதிர்மறை எண்ணங்களை ஆராய்ந்து மாற்றும் பகுதிகளை எடுத்துவிட்டு, அன்றாடச் செயல்களைத் திட்டமிடும் பகுதியை மட்டும் ஒரு பிரிவினருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முழுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இணையாகவே இவர்களும் தேறினார்கள். எண்ணங்களைச் சரிசெய்த பிறகுதான் செயல் என்று நினைத்திருந்த துறைக்கு அது பெரிய ஆச்சரியம்.

சரி, ஆராய்ச்சி இருக்கட்டும். அறைக்குள் என்ன நடக்கும்? ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன், அவரைத் தேட வேண்டாம்.

ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர். வண்டியை விட்டு இறங்கிய பிறகு வீட்டில் முடங்கிவிட்டார். மகன் கட்டாயப்படுத்திக் கூட்டி வந்தான். "எனக்கு ஒண்ணும் இல்லை மேடம், வயசாயிட்டு, அவ்வளவுதான்" என்றார். நான் விவாதம் செய்யவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தேன். இடது பக்கம் மணி, நடுவில் அந்த நேரத்தில் என்ன செய்தார், வலது பக்கம் மனசு எப்படி இருந்தது என்று சுழியிலிருந்து பத்துக்குள் ஒரு மதிப்பெண். வேறு எதையும் மாற்ற வேண்டாம், எழுதினால் போதும் என்றேன்.

அடுத்த வாரம் நோட்டு வந்தது. ட்ரிப் ஷீட் எழுதிப் பழகிய கை, ஒரு மணி விடாமல் நிரப்பியிருந்தார். "6 - 7: படுத்திருந்தேன். 1." "7 - 8: டீ குடித்தேன், படுத்திருந்தேன். 2." பக்கம் பக்கமாக ஒன்றும் இரண்டும். நடுவில், "8.30: பேரனை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டேன். 5." மறுநாளும் அதே இடத்தில் ஐந்து. அதற்கு மறுநாள் ஆறு. எழுதியவர் அதைக் கவனிக்கவே இல்லை. "வாரம் பூரா ஒரே மாதிரிதான் மேடம் இருந்துச்சு" என்றார். நான் நோட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்து, அந்த ஐந்தின் மேல் விரலை வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வேலை அங்கிருந்துதான் தொடங்கியது. வேலையில் இருந்த காலத்தில் விடுமுறை நாளென்றால் குறுக்குத்துறையில் ஆற்றுக் குளியல் அவருக்கு வழக்கம். அதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. குளிக்க வேண்டாம், வேன் போனதும் வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே படித்துறை வரை போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள் என்று திட்டம் போட்டோம். பாதி நாள் போகவே இல்லை. ஏன் என்று கேட்டேன். இந்தக் கேள்வியைத் திட்டாமல் கேட்கத் தெரிவதுதான் எங்கள் தொழிலில் பாதி. "தெரிஞ்சவன் எவனாவது வந்து, என்ன அண்ணாச்சி ஆளையே காணோம்னு கேப்பான். என்னத்தச் சொல்ல?" என்றார். நியாயம்தானே! கூட்டம் குறைந்த பிறகு போகிற மாதிரி நேரத்தைத் தள்ளிவைத்தோம். யாராவது கேட்டால் சொல்ல ஒரு வரியும் தயார் செய்துகொண்டோம். "கொஞ்சம் உடம்பு சரியில்லை, இப்ப பரவாயில்லை." அவ்வளவுதான். ஆற்றுக்குப் போகச் சொல்வது யாருக்கும் வரும். போகவிடாமல் தடுப்பது எது என்று கூடவே உட்கார்ந்து கண்டுபிடிப்பதற்குப் பெயர்தான் தெரபி.

சில வாரம் கழித்து அவரே எனக்குப் பாடம் எடுத்தார். "மேடம், பேட்டரி டவுன் ஆன வண்டி மாதிரிதான் இது. சார்ஜ் ஏறட்டும்னு நிறுத்தி வச்சா ஏறவே ஏறாது. நாலு பேர் தள்ளி, கியரைப் போட்டு எடுத்துட்டோம்னா, ஓட ஓடத் தானா ஏறிக்கிடும்." இந்தச் சிகிச்சைக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை.

தள்ளுகிறவர் பெரிய நிபுணராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலும் சங்காத் என்ற தொண்டு அமைப்பினரும் நடத்திய ஆய்வு இருக்கிறது. 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. 10 ஆரம்ப சுகாதார நிலையங்கள். ஓரளவு கடுமையாகவோ மிகக் கடுமையாகவோ மனச்சோர்வு இருந்த 495 பேர். ஒரு பிரிவினருக்கு இதே செயலூக்கச் சிகிச்சை, ஆறு முதல் எட்டு அமர்வுகள். கொடுத்தவர்கள் மருத்துவர்களோ உளவியல் படித்தவர்களோ இல்லை. பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். மூன்று மாதத்தில் இந்தப் பிரிவில் 64 சதவீதம் பேர் நோயின் பிடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த பிரிவில் 39 சதவீதம். ஊரில் ஒரே ஒரு சைக்கியாட்ரிஸ்ட், அவருக்கும் நூறு பேர் வரிசை என்று கைவிரிக்கிறோமே, அதற்கு இது ஒரு பதில். நம் சுகாதார நிலையங்கள் எல்லாவற்றிலும் இப்படி ஆட்களைப் பயிற்றுவிக்காமல் இருப்பதற்கு எனக்கு ஒரு நல்ல காரணமும் தெரியவில்லை.

இப்போது அழைப்பிதழ்த் தலைப்புக்கு வருகிறேன், இல்லையென்றால் ஏற்பாட்டாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஏன் ஆற்றங்கரை? டிவி முன்னால் உட்கார்வதும் ஒரு செயல்தானே?

2015இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு. ஒரு பிரிவினர் மரங்களும் புல்வெளியும் உள்ள இடத்தில் 90 நிமிடம் நடந்தார்கள். இன்னொரு பிரிவினர் வண்டிகள் பறக்கும் சாலையோரம் அதே 90 நிமிடம். மரங்களுக்கிடையே நடந்தவர்களிடம், ஒன்றையே திரும்பத் திரும்ப மனசுக்குள் அரைத்துக்கொண்டிருப்பது குறைந்திருந்தது. மற்றவர்களிடம் குறையவில்லை. கலந்துகொண்டவர்கள் சில பத்துப் பேர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரின் தகவல்களை வைத்து 2019இல் ஒரு ஆய்வு வந்தது. வாரத்துக்கு மொத்தமாக 120 நிமிடமாவது இயற்கையான இடங்களில் இருப்பவர்கள், உடலும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகம் என்று அது கண்டது. ஒரே மூச்சில் இருந்தாலும் சரி, பிரித்துப் பிரித்து இருந்தாலும் சரி. இதையும் கவனமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நன்றாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்று கேட்டால், அந்த ஆய்வால் முழுப் பதில் சொல்ல முடியாது.

நம் ஊரில் இதற்குக் காசு வேண்டாம், அது நம் பாக்கியம். வ.உ.சி. மைதானத்தை விடிகாலையில் சுற்றுகிறவர்களைப் பாருங்கள். பறவை வரும் பருவத்தில் கூந்தன்குளத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். வீட்டு மரத்திலேயே மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டியிருக்கும். பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடியே போடாத ஊர் அது.

"நீங்க பாட்டுக்கு ஆறு, குளம்னு சொல்றீங்க, எங்களை யாரு விடுறா?" இது பின்வரிசையிலிருந்து வந்த குரல். கேட்டது நல்லது அக்கா. ஆம்பளைக்குப் படித்துறை, பொம்பளைக்கு அடுப்படி ஜன்னல் என்றுதான் பல வீட்டில் இருக்கிறது. 1984இல் ராஜர் உல்ரிக் என்பவர் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளைப் பார்த்தார். பாதிப் பேர் படுத்திருந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்களுக்கு வீரியமான வலி மருந்து குறைவாகத் தேவைப்பட்டது, கொஞ்சம் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். ஆகவே ஜன்னலுக்கும் மதிப்பு உண்டு, மொட்டை மாடித் தொட்டிச் செடிக்கும் உண்டு. ஆனால் அதைச் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். சுய அக்கறை என்று பத்திரிகைகளில் முகப்பூச்சுப் படத்தோடு போடுகிறார்கள். ஒரு குடும்பத்தலைவிக்கு அதன் பொருள், சாயங்காலம் அரை மணி நேரம் அடுப்பை வேறொருவர் பார்த்துக்கொள்வது. அந்த அரை மணியை அவர் கேட்டு வாங்கத் தயங்குவார். வீட்டு ஆண்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள், கேட்பதற்கு முன்னால் கொடுத்துவிடுங்கள்.

மற்றபடி சுய அக்கறை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள், ராத்திரி தூங்கிய நேரம் எதுவானாலும். போனைப் படுக்கைக்கு எடுத்துப்போகாதீர்கள். தூக்கம் வர ஒரு குவார்ட்டர் என்று ஆரம்பிப்பவர்கள் நிறைய. அது தூக்கத்தையும் கெடுக்கும், சோர்வையும் கூட்டும்.

கடைசியாக, வாசலில் கேட்டவருக்குப் பதில். லேசானது முதல் நடுத்தரம் வரையிலான சோர்வுக்குச் செயலும் பேச்சுமே பெரும்பாலும் போதும். கடுமையானால் மாத்திரை வேண்டியிருக்கும், கூடவே இதுவும். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். நாலு நாளில் பலன் இல்லை என்று நிறுத்தக் கூடாது. நன்றாக ஆனதும் தானாகவும் நிறுத்தக் கூடாது. காதில் யாரோ பேசுகிறார்கள் என்றால், நாள்கணக்கில் சாப்பாடு தூக்கம் இல்லையென்றால், சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால், ஆற்றங்கரை வேண்டாம், நேராக அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ராத்திரி என்றால் 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, 2022 அக்டோபர் முதல் இருக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இனி கேள்விகள். எழுந்து நின்று கேட்கக் கூச்சமாக இருந்தால் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பெயர் போட வேண்டாம். "என் சொந்தக்காரர் ஒருவருக்கு" என்று ஆரம்பித்தாலும் சரிதான், யார் அந்தச் சொந்தக்காரர் என்று நான் கேட்க மாட்டேன்.