வென்ற பிறகு அவள் எங்கே போனாள்?

(திருகோணமலையில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மின்விசிறிச் சத்தத்தோடு போட்டி போட்டுத்தான் கதைக்க வேண்டியிருக்கிறது. பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்காவிட்டால் கையைத் தூக்குங்கள்.

போன மாதம் ஒரு பிள்ளை இரண்டு கொப்பிகளைக் கொண்டுவந்து தந்தாள். மாயக்கதை. முதற் கொப்பியில் ஒரு பெண், தன் ஊரை எரித்தவனை வெட்டிச் சாய்த்து அரியணை ஏறுகிறாள். ஒரே இரவில் வாசித்து முடித்தேன். இரண்டாம் கொப்பி அதன் தொடர்ச்சி. அதில் அவளுக்கு இன்னும் பெரிய வாள், இன்னும் பெரிய எதிரி. 40ஆம் பக்கத்தில் நித்திரையாகிவிட்டேன். "ஏன் சேர்?" என்று கேட்டாள். அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சரியான மறுமொழியை இன்றைக்குச் சொல்லப் பார்க்கிறேன். அவளும் இங்கேதான் இருக்கிறாள்.

கண்ணகியை எடுங்கள். வழக்கில் வென்றாள், பாண்டியன் விழுந்தான், மதுரை எரிந்தது. முதற் பாகம் முடிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் சிலப்பதிகாரம் அங்கே நிற்கவில்லை. பிறகு அவள் போவது கொற்றவை கோயில் வாசலுக்கு. கொற்றவை என்றால் வெற்றிக்கு உரியவள். அந்த வாசலில்தான் கைவளையலை உடைக்கிறாள். 'கீழ்த்திசை வாயிற் கணவனொடு புகுந்தேன், மேற்றிசை வாயில் வறியேன் பெயர்கு' என்று சொல்லிப் புறப்படுகிறாள். அக்கினியே வந்து ஏவல் கேட்டு நின்ற பெண், தன்னைப் பற்றிச் சொன்ன சொல் 'வறியேன்', ஒன்றுமில்லாதவள். பிறகு இரவு பகல் தெரியாமல் வைகைக் கரையோடு நடை. வேங்கை மர நிழலில் 14ஆம் நாள்தான் அந்த நடை முடிகிறது.

அவள் கொடுத்த விலை இது. மற்றவர்கள் கொடுத்தது?

உரைபெறு கட்டுரை என்று நூலின் முன்னால் ஒரு சிறு பகுதி. அது பிற்காலத்தவர் சேர்த்தது என்பாரும் உண்டு. அது எப்படியும் இருக்கட்டும். மதுரை எரிந்த பிறகு பாண்டி நாட்டில் மழை இல்லை, வெப்பு நோய். கொற்கையிலிருந்த அடுத்த பாண்டியன் வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்கிறான். எப்படி? 'பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று.' களவு செய்தவன் ஒரு பொற்கொல்லன். பலியானவர்கள் 1,000 பேர். அதன் பிறகு மழை பெய்ததாம்.

பாடசாலையில் இந்த வரியை வருடக்கணக்காக வேகமாகக் கடந்திருக்கிறேன். சோதனைக்கு வராத வரி. இப்போது அதைத் தாண்ட முடியவில்லை. குற்றமில்லாத ஒருவனைக் கொன்றார்கள் என்றுதானே அவள் அரண்மனைக்குப் போனாள்? அந்த 1,000 பேரில் ஒருவனுடைய பெண்சாதி ஒற்றைச் சிலம்போடு எங்கே போவாள்? யார் வாசலில் நின்று வழக்குரைப்பாள்? கண்ணகியின் கோட்டத்துக்கு, அவளுடைய கோயிலுக்குத்தான் போக வேண்டும். பிள்ளை, உன்னுடைய இரண்டாம் பாகம் இதற்குள் கிடக்கிறது.

அதே கட்டுரையில் கடல் சூழ் இலங்கை மன்னன் கயவாகுவும் வருகிறான். அவளுக்குக் கோட்டம் எடுத்து ஆடி மாதத்தில் விழா நடத்துகிறான். நம்முடைய கிழக்குக் கரையில் அது வைகாசியில் குளிர்த்தியாக, அம்மனைக் குளிர்விக்கும் சடங்காக நிற்கிறது. அவள் கதையைப் பாடும் வழக்குரை படிப்பார்கள், வேப்பிலை இருக்கும், தண்ணீர் இருக்கும். எரித்தவளிடம் போய் இன்னொரு எதிரியை எரித்துத் தா என்று யாரும் கேட்பதில்லை. குளிர்ந்தருள் தாயே என்றுதான் கேட்கிறார்கள். செழியன் இரத்தத்தால் ஆற்றப் பார்த்ததை நம் சனங்கள் தண்ணீரால் ஆற்றுகிறார்கள். வென்றவளுக்குள் சூடு மிச்சமிருக்கும், அது ஊரையும் சுடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாவல் எழுதுகிறவர்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

நம்முடைய ஊர்க் கதை ஒன்றையும் தொட்டுவிடுகிறேன். ஆடகசவுந்தரி. கலிங்கத்தில் பிறந்து, பெட்டியில் வைத்துக் கடலில் விடப்பட்டு, உன்னாசகிரியில் அரசியானவள். கோணேசர் கோயில் திருப்பணி செய்த குளக்கோட்டன் என்ற அரசனைத் துரத்தப் படை அனுப்பியவள். கடைசியில் அவனையே கலியாணம் முடித்தாள் என்று கதையைக் கட்டிவிட்டார்கள். கந்தளாய்க் குளமும் கோட்டமும் அவன் பெயருக்குள்ளேயே இருக்கின்றன. படை அனுப்பியவள் பிறகு என்ன நினைத்தாள், அந்தப் படையில் போனவர்கள் என்ன நினைத்தார்கள்? யாரும் எழுதவில்லை. யாராவது எழுதுங்கள், எனக்கு வயது போய்விட்டது.

பிள்ளை, உன் முதற் கொப்பியில் கோட்டை வாசலில் ஒரு காவற்காரனை அவள் ஒரே வெட்டில் சாய்க்கிறாள். அவனுக்கு நீ பெயர்கூட வைக்கவில்லை. இரண்டாம் கொப்பியின் அந்தப் பெரிய எதிரியைக் கிழித்துப் போடு. அவள் கொலுவில் இருக்கட்டும். வாயிற்காவலன் உள்ளே வந்து, "வெளியே ஒரு கிழவி நிற்கிறா, மகனைக் கேட்கிறா" என்று சொல்லட்டும். கிழவியின் கையில் என்ன இருக்கிறது என்பதை நீ யோசி.