பக்கத்துக் கடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்

வணக்கம். ஃபேனை நிறுத்திவிட்டுப் பேசுகிறேன், குரல் தெளிவாகக் கேட்கும் என்று நினைக்கிறேன்.

என் கையில் இருப்பதைப் பாருங்கள். இந்தக் கையில் ஒரு தீப்பெட்டி, இரண்டு ரூபாய். அந்தக் கையில் ஒரு பிளாஸ்டிக் லைட்டர்.

எனக்குக் கோவில்பட்டி. அம்மா இருபது வருஷத்துக்கு மேல் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்யும் இடத்தை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அம்மாவுக்குக் கட்டை அடுக்குகிற வேலை. மருந்தில் முக்குவதற்கு முன்னால், குச்சிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் சட்டத்தில் வரிசையாக அடுக்க வேண்டும். இன்றைக்கும் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது விரல்கள் சும்மா இருக்காது, எதையாவது வரிசைப்படுத்திக்கொண்டே இருக்கும்.

அப்போது வீட்டில் என்ன பேசுவார்கள் தெரியுமா? சிவகாசியில் பண்டல் என்ன விலைக்குப் போகிறது, சாத்தூரில் யாரோ மெஷின் போட்டுவிட்டார்களாமே, கையால் செய்கிறவன் கதி என்ன? இதுதான் பேச்சு. தீப்பெட்டிக்காரருக்குப் போட்டி இன்னொரு தீப்பெட்டிக்காரர். வேறு யாரும் எங்கள் நினைப்பிலேயே இல்லை.

2021 டிசம்பரில் பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனது. 14 வருஷம் கழித்து வந்த விலையேற்றம் அது. சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810-க்குப் போயிருந்தது, மெழுகும் அட்டையும் ஏறியிருந்தன, வேறு வழியில்லை. அதற்குள் பெட்டிக்கடைகளில் சீன லைட்டர் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு லைட்டர் 20 தீப்பெட்டியின் வியாபாரத்தைத் தின்றுவிடுகிறது என்று உற்பத்தியாளர்கள் முறையிட்டார்கள். 2023 ஜூன் மாதக் கடைசியில், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை போட்டது. தடை வந்ததில் எனக்கு மனசார சந்தோஷம். அங்கே வேலை பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் என் அம்மா மாதிரிப் பெண்கள்.

அந்தச் சமயத்தில் அம்மா ஒரு வார்த்தை சொன்னார். “கடைக்கு வர்றவன் குச்சியா கேட்டு வர்றான்? நெருப்பு வேணும்னு வர்றான். அது எதுல கிடைச்சா அவனுக்கென்ன?”

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் பன்னிரண்டு வருஷமாக டிடிபி வேலை, அதாவது கம்ப்யூட்டரில் டைப் செய்து அச்சுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் வேலை செய்கிறேன். திருமணப் பத்திரிகை, நோட்டீஸ், ஆண்டுமலர், சில சமயம் புத்தகம். நானும் அந்தத் தீப்பெட்டிக்காரர்கள் மாதிரிதான் இருந்தேன். அடுத்த தெருக் கடையில் ஒரு பக்கம் டைப் செய்ய எவ்வளவு வாங்குகிறார்கள் என்று விசாரிப்பேன், ஐந்து ரூபாய் குறைப்பேன். 2017-இல் கூகுளில் தமிழில் பேசினால் எழுத்தாக வரும் என்று சொன்னபோது நானும் பேசிப் பார்த்தேன். தப்பும் தவறுமாக வந்தது. இது எங்கே நம்மைத் தொடப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் வந்தார். வழக்கமாகக் கோடு போட்ட நோட்டில் எழுதிக் கொண்டுவருவார். அன்றைக்கு நோட்டு இல்லை. “ஏம்மா, போன்ல பேசியே நூத்தம்பது பக்கம் முடிச்சிட்டேன், அச்சுக்கு மட்டும் பண்ணிக் குடு” என்றார். அந்த நூற்றைம்பது பக்கம் எனக்கு ஒரு மாத டைப்பிங் வேலை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் அந்தப் பக்கங்களைத் திறந்து உட்கார்ந்தேன். முற்றுப்புள்ளியே இல்லை. “அவரை பார்த்தேன்”, “மரத்தை பற்றி” என்று நடுவில் வர வேண்டிய ஒற்றெல்லாம் விட்டுப்போயிருந்தது. இளையரசனேந்தல் என்ற ஊர்ப்பெயர் மூன்று துண்டாகக் கிடந்தது. அவர் ஊர்ச் சொல்லாகப் பேசியிருந்ததையெல்லாம் போன் தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றி வைத்திருந்தது. அப்போதுதான் அம்மா சொன்னது உறைத்தது. சார் என்னிடம் டைப்பிங் கேட்டு வந்ததே இல்லை. தன் புத்தகம் நாலு பேர் கையில் பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை வருஷமும் வந்திருக்கிறார்.

அப்புறம் நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு நோட்டு போட்டேன். கடைக்கு வருகிறவர் என்ன கேட்டார், உண்மையில் எதற்காக வந்தார், இரண்டையும் எழுதினேன். மூன்று மாதத்தில் தெளிவு வந்துவிட்டது. சந்தி இலக்கணத்தை ஒரு தமிழாசிரியையிடம் வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன், எட்டு மாதம். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கியதை, திருத்தத்துக்கும் வடிவமைப்புக்கும் தனித்தனிக் கூலியாக மாற்றினேன். இதை வருமானம் நன்றாக இருந்த காலத்திலேயே செய்திருந்தால் அந்த எட்டு மாதம் நகையை அடகு வைத்திருக்க வேண்டாம். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன், வேலை நன்றாக ஓடும்போதே அந்த நோட்டைப் போடுங்கள்.

நாளைக்குத் திருத்தத்தையும் ஒரு மென்பொருளே செய்யும். இப்போதே கொஞ்சம் செய்கிறது, வாரம் ஒருமுறை நானே அதில் ஒரு பக்கத்தைப் போட்டுப் பார்க்கிறேன். எங்கே தடுமாறுகிறது, எங்கே என்னைவிட நன்றாகச் செய்கிறது என்று அதே நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

சாரின் புத்தகம் மூன்றாவது ப்ரூஃபில் இருக்கிறது. அவருடைய அம்மாவைப் பற்றிய அத்தியாயத்தில் ஒரு பழைய சொல் வருகிறது, அதை மாற்றாமல் விடலாமா என்று அவரிடமே கேட்க வேண்டும். அவர் வரும் நேரம்தான், வைக்கிறேன்.