48 மணி நேரம் போதாது!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நன்னீர்ச் சிற்றுயிர்களுக்குப் பூச்சிக்கொல்லி செய்யும் கேட்டை அளக்கக் குறுகிய காலச் சோதனையே போதுமா, நீண்ட காலச் சோதனையும் வேண்டுமா? வேண்டும் என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "டாஃப்னியா என்கிற நீர்த்தெள்ளை 48 மணி நேரம் மருந்துக் கரைசலில் விடு. பாதி அசைவற்றுப்போகும் அளவைக் கண்டுபிடி. அதை நூறால் வகு. அதற்குக் கீழே ஆபத்தில்லை."

சரி ஐயா, உங்கள் கணக்கையே போடுவோம். இமிடாகுளோபிரிட் என்கிற பூச்சிக்கொல்லிக்கு டாஃப்னியாவிடம் கிடைத்த அளவு, லிட்டருக்குச் சுமார் 85 மில்லிகிராம். நூறால் வகுத்தால் 850 மைக்ரோகிராம். நீரில் வளரும் குளோயான் என்கிற மேஃபிளைப் பூச்சியின் இளம்பூச்சியோ 4 நாளில் ஏறக்குறைய 1 மைக்ரோகிராமிலேயே பாதிக்குப் பாதி முடங்குகிறது. 28 நாள் வைத்தால் அதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கே போதும்! டாஃப்னியா இறால், நண்டு போன்ற ஓட்டுயிரி, அந்த மருந்து குறிவைப்பதோ பூச்சியின் நரம்பு ஏற்பியை. ஆளும் தப்பு, நாளும் போதவில்லை.

சாவை மட்டும் எண்ணினால் இன்னொன்றும் தப்பிவிடும். 48 மணி நேரச் சோதனையில் டாஃப்னியாவுக்கு இரையே போடுவதில்லை. தின்பது குறைந்ததா என்று அது எப்படிச் சொல்லும்? இரை எடுக்காத இளம்பூச்சி செத்து மிதக்காது; மெலியும், வளராது, முட்டைக்கு வழியிருக்காது. டாஃப்னியா முதல் ஈற்றை ஈனவே 20 டிகிரியில் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். பிள்ளை பெறும் முன்பே சோதனையை மூடிவிட்டு, பிள்ளைப்பேற்றுக்குக் கேடில்லை என்பதா?

இதைவிட நுட்பமானது ஃபெனாக்சிகார்ப். பூச்சியின் இளமை ஹார்மோனைப் போல நடிக்கும் மருந்து. டாஃப்னியா வழக்கமாகப் பெண் குஞ்சுகளையே ஈனும். இது பட்டால் ஆண் குஞ்சுகள் பிறக்கின்றன. தாய் நலமாக நீந்திக்கொண்டிருக்கும்! குஞ்சின் முதல் உணர்கொம்பு நீண்டிருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

குவளைக்கு வெளியே போவோமா? ஜப்பானின் ஷின்ஜி ஏரியைச் சுற்றிய வயல்களில் 1993இல் இமிடாகுளோபிரிட் சேர்ந்த நியோநிகோடினாய்டு வகை மருந்துகள் வந்தன. அதையொட்டி ஏரியின் மிதவைச் சிற்றுயிர்கள் சரிந்தன. அவற்றை நம்பிய வகசாகி மீனின் வரத்தும் சரிந்தது. 2019இல் வெளியான ஆய்வு இது. காலப்பொருத்தத்தை வைத்த சான்று, நேரடி நிரூபணம் அன்று என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன், எதிரணி சிரமப்பட வேண்டாம். ஆனால் அப்படிப்பட்ட சரிவை எந்த 48 மணி நேரக் குவளை முன்கூட்டிச் சொல்லியிருக்கும்?

டாஃப்னியா ஈனும் குஞ்சுகளை எண்ணும் நீண்ட காலச் சோதனை 21 நாள். "அந்த 21 நாள் சோதனையில் பிழை மலிந்திருக்கும்" என்றார் எதிரணியில் இன்னொருவர். பாசி இரை குறைந்தாலே குஞ்சு குறையும், உண்மைதான். அதனால்தான் மருந்தில்லாக் குவளைகளில் பிழைத்த தாய் ஒன்றுக்குச் சராசரி 60 குஞ்சாவது பிறக்க வேண்டும். தாய்ச் சாவு 20 சதவீதம் தாண்டக்கூடாது. தாண்டினால் சோதனையே செல்லாது. தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும் சோதனையை நம்பாமல் வேறு எதை நம்புவது, நடுவர் அவர்களே?