கண்ணைக் கிழித்த கரும்புத் தோகை

வணக்கம் மக்களே! போன வாரம் வீடியோ வராததற்குக் காரணம் இந்த இடது கண்தான். கிட்ட வருகிறேன், பாருங்கள், சிவப்பே இல்லை.

கரும்புக் கொல்லையில் குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தேன். தோகை சுளீரென்று கண்ணில் இழுத்துவிட்டது. உள்ளே மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தல், நிற்காமல் தண்ணீர்.

மருந்துக்கடைக்குப் போனேன். கண்ணில் என்ன பட்டது என்றுகூடக் கேட்காமல் ஒரு சொட்டு மருந்தை நீட்டினார்கள். அட்டையில் டெக்ஸாமெதசோன் என்று இருந்தது. ஸ்டீராய்டு! இலை, தழை கீறிய கண்ணில் பூஞ்சை இறங்கியிருக்கலாம். ஸ்டீராய்டு விட்டால் சிவப்பு குறையும், உள்ளே பூஞ்சை செழித்து வளரும். இப்படிக் கொடுப்பதை என்னால் மன்னிக்கவே முடியாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடுவதும் வேண்டவே வேண்டாம்.

கண் டாக்டர் ஆரஞ்சு நிறச் சாயக் காகிதத்தைக் கண்ணில் தொட்டு வைத்து, நீல விளக்கில் பார்த்தார். கருவிழியில் பச்சையாக ஒரு கோடு. மேல்தோல் மட்டும் உரிந்திருக்கிறது, இரண்டு மூன்று நாளில் மூடிவிடும் என்றார். அரை மில்லிமீட்டர் கனம்தான் கருவிழி, அதற்குள் அவ்வளவு நரம்பு, அதனால்தான் அந்த வலி!

சொல்ல மறந்துவிட்டேன், பார்ப்பதற்கு முன்பே மரத்துப்போகும் சொட்டு விட்டார், ஒரே நிமிடத்தில் வலி போயே போச்சு. வீட்டுக்கும் ஒன்று கேட்டேன், தரவில்லை. தொடர்ந்து விட்டால் புண் ஆறாதாம், கருவிழியே கெட்டுவிடுமாம். ஆன்டிபயாட்டிக் சொட்டு மட்டும் தந்து, மறுநாளும் வரச் சொன்னார். வெள்ளையாகப் புள்ளி விழுந்தால் அது கருவிழிப் புண், சுரண்டி எடுத்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் நாட்டமைசின் என்ற பூஞ்சைக்கொல்லிச் சொட்டு. மதுரை அரவிந்த் உள்ளிட்ட கண் மருத்துவமனைகளில் 323 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்து, வோரிகோனசோல் என்ற புதிய பூஞ்சை மருந்தைவிட இந்தப் பழைய மருந்தே மேல் என்று 2013இல் வெளியிட்டார்கள். நம் பக்கத்து விவசாயிகள் கண்ணில் நிரூபித்த மருந்து, எனக்கு அவ்வளவு பெருமை!

மூன்றாம் நாள் பச்சைக் கோடு காணவே இல்லை.

இப்போது இதைப் பாருங்கள், காப்புக் கண்ணாடி! மூன்று கடை ஏறி இறங்கினேன். 150 சொன்னார், 90க்கு முடித்தேன். பக்கவாட்டிலும் மூடியிருக்கிறது, மூக்கில் ரப்பர், காதில் அழுத்தவில்லை. முதல் கடையில் 120க்குக் காட்டியதில் பக்க மூடியே இல்லை, அதை வாங்காதீர்கள். வியர்த்தால் கொஞ்சம் ஆவி படிகிறது, துடைத்துக்கொள்ளலாம். சித்தப்பாவுக்கும் ஒன்று வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை அதே கொல்லையில் வெட்டு, இரண்டு பேரும் இதைப் போட்டுக்கொண்டுதான் இறங்குகிறோம்.