விசாவில் ஏப்ரல் 23 வரை என்று இருக்கிறது, ஆனால் ஏப்ரல் 8-க்குள் கிளம்ப வேண்டும்! ஷெங்கன் விசாவின் நாள் கணக்கு

(திரையில்: ஒரு விசா ஸ்டிக்கர், பெரிதாக)

இந்த ஸ்டிக்கரைப் பாருங்கள். ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா. மார்ச் 10 முதல் ஏப்ரல் 23 வரை என்று போட்டிருக்கிறது. இதை வைத்திருக்கும் ஒரு அம்மா மார்ச் 10 அன்று ஃபிராங்ஃபர்ட்டில் இறங்குகிறார். ஊர் திரும்ப ஏப்ரல் 20-க்கு டிக்கெட். தேதிக்குள்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அவர் ஏப்ரல் 8-ஆம் தேதியே கிளம்பியிருக்க வேண்டும். 12 நாள் அனுமதி இல்லாமல் தங்கிவிட்டார்!

எப்படி என்று சொல்கிறேன். பிள்ளைகள் ஐரோப்பாவில் இருக்கும் அப்பா அம்மாக்கள் தயவுசெய்து கடைசிவரை பாருங்கள்.

முதலில் இந்தப் பெயர். ஷெங்கன் என்பது லக்சம்பர்க் நாட்டின் ஓரத்தில், மோசெல் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊர். சுற்றிலும் திராட்சைத் தோட்டம். அந்த ஆற்றின் நடுவில்தான் லக்சம்பர்க், ஜெர்மனி, பிரான்ஸ் மூன்றின் எல்லையும் சந்திக்கிறது. 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாட்டுப் பிரதிநிதிகள் அங்கே நின்ற ஒரு கப்பலில் உட்கார்ந்து, எங்களுக்குள் எல்லைச் சோதனையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுவோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். ஐந்து நாடு இன்று 29 ஆகிவிட்டது. பாரிஸ் லா சப்பேலில் தமிழ்க் கடையில் காய்கறி வாங்கிக்கொண்டு காலையில் ரயில் ஏறினால், இரவுச் சாப்பாட்டுக்கு சூரிச்சில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போய்விடலாம். இரண்டு நாடு, ஒரே விசா. எனக்கு இது இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

சரி, 29 நாட்டில் எந்த நாட்டிடம் விசா கேட்பது? எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டிடம். பாரிஸில் 3 நாள், சுவிட்சர்லாந்தில் 3 நாள், இத்தாலியில் 5 நாள் என்றால் இத்தாலி. எல்லாம் சம நாள் என்றால் முதலில் கால் வைக்கும் நாடு.

இங்கேதான் என் பெரியம்மா ஏமாந்தார். மகள் வீடு ஸ்டுட்கார்ட்டில். ஒரு ஏஜென்ட், ஜெர்மனிக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்க நாளாகும், வேறு ஒரு நாட்டில் சீக்கிரம் கிடைக்கும் என்று சொல்லி, அந்த நாட்டில் 9 நாள் ஹோட்டலில் தங்குவதாக ஒரு திட்டம் தயார் செய்து கொடுத்துவிட்டார். அறுபது வயதைத் தாண்டியவர், அங்கே தெரிந்தவர் ஒருவரும் இல்லை, மகள் பக்கத்து நாட்டில். ஃபைலைப் பார்க்கிறவருக்குத் தெரியாமலா போகும்? பயணத்தின் நோக்கம் நம்பும்படி இல்லை என்று மறுத்துவிட்டார்கள். கட்டிய பணம் திரும்ப வராது. பேத்தி பிறந்த அன்று பெரியம்மா வீடியோ காலில்தான் இருந்தார். அவர் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. இந்த வீடியோவுக்கே காரணம் அதுதான். மகளைப் பார்க்கப் போகிறேன் என்றால் அதையே எழுதுங்கள். நீங்கள் மறைக்க வேண்டிய காரணம் இல்லை அது.

காகிதங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கடந்த 10 வருடத்துக்குள் வாங்கிய பாஸ்போர்ட், திரும்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, அதற்குக் கீழே இலவசம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளாவது பாக்கி இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் யாரிடமோ கைமாற்று வாங்கிய மூன்று லட்சத்தைக் கணக்கில் போடாதீர்கள். வழக்கமாக வரும் பென்ஷனும் சம்பளமும் தெரிகிற கணக்குதான் பேசும். அப்புறம், ஃபைலை வாங்கிக்கொள்ளும் விண்ணப்ப மையம் விசா தருவதில்லை. வாங்கி, சரிபார்த்து, கைரேகை எடுத்து அனுப்புவதோடு அவர்கள் வேலை முடிந்தது. முடிவு தூதரகத்துடையது.

இப்போது அந்த ஸ்டிக்கர்.

(திரையில்: தங்கும் நாட்கள் என்ற கட்டத்தில் சிவப்பு வட்டம்)

தேதிகளுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கிறது, பாருங்கள். 30. அதுதான் தங்க அனுமதித்த நாட்கள். பிறகு ஏன் ஏப்ரல் 23 வரை கொடுத்தார்கள்? விமானம் தள்ளிப்போனால், உடம்பு சரியில்லாமல் போனால், பயணத் தேதியைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ள வசதியாக 15 நாள் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். அந்த 45 நாளுக்குள் எந்த 30 நாள் வேண்டுமானாலும் இருக்கலாம், 31-ஆவது நாள் கிடையாது. மார்ச் 10 அன்று இறங்கினால் 30-ஆவது நாள் ஏப்ரல் 8. இறங்கும் நாளும் ஒரு நாள், கிளம்பும் நாளும் ஒரு நாள். இரவு 11.30-க்கு இறங்கினாலும் அது முழு நாள்தான்.

அதே ஸ்டிக்கரில் எத்தனை முறை நுழையலாம் என்றும் இருக்கும். ஒரே முறை என்று இருந்தால் நடுவில் லண்டன் போய்விட்டுத் திரும்ப முடியாது. லண்டனுக்குத் தனி விசா வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், இது பலருக்குத் தெரியாது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். 90/180.

பலமுறை போய்வரும் விசா வைத்திருப்பவர்களுக்கு விதி இது: எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது. 'எந்த' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஜூன் வரை ஒரு கணக்கு, ஜூலையிலிருந்து புதுக் கணக்கு என்று இல்லை.

வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் இருக்கிறதல்லவா? கிழித்த தாளைத் தூக்கிப் போடாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். ஐரோப்பாவில் இருந்த நாளின் தாளில் மட்டும் ஒரு குங்குமப் பொட்டு வையுங்கள். அந்தத் தாள் கட்டில் 180 தாள் சேர்ந்த பிறகு, மேலே ஒரு தாள் வைக்கும்போது அடியிலிருந்து ஒரு தாளை உருவிவிடுங்கள். எந்த நாளில் எண்ணினாலும் பொட்டு வைத்த தாள் 90-ஐத் தாண்டக் கூடாது. விதி முழுவதும் இவ்வளவுதான்!

இதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். லீப் வருடம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஜனவரி 1 முதல் 30 வரை அங்கே இருந்தார். ஏப்ரல் முழுக்க 30 நாள் இருந்தார். மறுபடி ஜூன் 1 அன்று போகிறார். எத்தனை நாள் தங்கலாம்? நிறுத்திவிட்டு நீங்களே போட்டுப் பாருங்கள்.

(5 விநாடி)

60 போய்விட்டது, மிச்சம் 30, ஜூன் 30-க்குள் கிளம்ப வேண்டும். இப்படித்தானே போட்டீர்கள்? நானும் முதலில் இப்படித்தான் போட்டேன். இப்போது தாள் கட்டைப் பாருங்கள். ஜூன் 29 அன்று கட்டில் 89 பொட்டு. ஜூன் 30 அன்று மேலே ஒரு பொட்டுத் தாள் ஏறுகிறது, அதே நேரம் அடியில் ஜனவரி 1-இன் பொட்டுத் தாள் வெளியே வந்துவிடுகிறது. மறுபடியும் 89. ஜூலை 1 அன்று ஜனவரி 2 போய்விடுகிறது. மறுபடியும் 89! ஒரு மாதம் முழுக்க எண்ணிக்கை ஏறவே இல்லை. ஜனவரித் தாள் எல்லாம் தீர்ந்த பிறகு, ஜூலை 30 அன்றுதான் 90 வருகிறது. அதாவது 60 நாள் தங்கலாம். நாம் நினைத்ததைப் போல இரண்டு மடங்கு. முதன்முதலில் இதைப் போட்டுப் பார்த்த இரவு, தப்பாக எண்ணிவிட்டோமோ என்று நான்கு முறை எண்ணினேன்.

இதே கணக்கு காலை வாரும் இடமும் உண்டு. பிரசவத்துக்குப் போகிறவர்கள் 90 நாளை மூன்று மாதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மார்ச் 10 அன்று இறங்கினால் ஜூன் 10 அன்று கிளம்பலாம் என்று டிக்கெட் போடுகிறார்கள். எண்ணிப் பாருங்கள், மார்ச்சில் 22, ஏப்ரலில் 30, மே மாதம் 31, மொத்தம் 83. ஜூனில் மிச்சம் 7. ஜூன் 7 கடைசி நாள்! மூன்று நாள் கூடுதலாகத் தங்கியதற்கு அபராதம் வரலாம், அடுத்த விசாவும் கஷ்டமாகிவிடும். யார் கவனிக்கப் போகிறார்கள் என்று சொல்லாதீர்கள். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக எல்லைகளில் முத்திரைக்குப் பதில் கம்ப்யூட்டர் பதிவு வந்துவிட்டது. முகத்தையும் கைரேகையையும் வைத்து நுழைந்த நாளும் கிளம்பிய நாளும் தானாகவே பதிவாகும்.

ஒழுங்காகப் போய்வந்தால் பலனும் உண்டு. 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கென்று ஒரு விதி வந்தது. மூன்று வருடத்துக்குள் இரண்டு விசா வாங்கிச் சரியாகப் பயன்படுத்தியிருந்தால், அடுத்து இரண்டு வருட விசா. அதன்பிறகு, பாஸ்போர்ட்டில் காலம் இருந்தால், ஐந்து வருட விசா. அப்போதும் 90/180 உண்டு, தாள் கட்டை மறக்காதீர்கள்.

ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் இதற்கென்றே இலவசக் கணிப்பான் இருக்கிறது. ஆனால் ஒருமுறை கையால் எண்ணிப் பாருங்கள், அப்போதுதான் மனதில் நிற்கும். இறங்கும் தேதியையும் கிளம்பும் தேதியையும் கமெண்டில் போடுங்கள், நானும் சேர்ந்து எண்ணுகிறேன். பாஸ்போர்ட் எண்ணை மட்டும் யாரும் எழுதாதீர்கள். பெரியம்மா இந்த முறை ஜெர்மனிக்கே நேராக விண்ணப்பித்திருக்கிறார். மே 4 அன்று போய், ஜூலை 30 அன்று திரும்புகிறார். எத்தனை நாள் என்று முதலில் எண்ணிச் சொல்பவரின் கமெண்டைப் பின் செய்கிறேன்.